உலக்கையொலியும் கன்றிய கையும்: தமிழிலக்கியத்தில் ஊறுணர்வின் மிகை

வேதாளம் விக்கிரமனுக்குச் சொன்ன கதைகளுள் மூன்று அரசியரின் கதை நாம் சிறுவயதிலேயே கேட்டுப் பழகியது. பதினோராம் நூற்றாண்டிலே காசுமீரத்துச் சோமதேவர் கதாசரித்சாகரத்திற் சேர்த்து வைத்த வடிவின்படி, உச்சயினி மன்னன் தருமத்துவசனுக்கு மனைவியர் மூவர். மூத்தவள் இந்துலேகை. அவள் சூடியிருந்த பூவொன்று நழுவி மடியில் விழ, விழுந்த இடம் புண்ணாகிறது. இரண்டாமவள் தாராவலி நிலாமுற்றத்தில் உறங்கும்போது ஆடை விலகிய இடத்தில் நிலவு பட்டுக் கொப்புளம் எழுகிறது. மூன்றாமவள் மிருகாங்கவதியோ எங்கோ ஒரு வீட்டில் நெற்குற்றும் உலக்கையொலியைக் கேட்கிறாள். கேட்ட மாத்திரத்தில் அவளுடைய இரு கைகளும் கன்றிப்போகின்றன. மூவருள் மென்மை மிக்கவள் எவள் என்பது வேதாளத்தின் வினா. பொருளொன்றும் தீண்டாமலே நொந்தவளாதலின் மூன்றாமவளே என்பது மன்னனின் விடை.

விடை பொருத்தமானதே. வேதாளமும் அதை ஏற்று, வழக்கம்போல முருங்கைமரத்துக்குத் திரும்பிவிடுகிறது. எனினும் வேதாளம் கேளாது விட்ட வினா ஒன்று உண்டு. அவ்வுலக்கையைப் பிடித்திருந்த கை யாருடையது? அக்கை கன்றியதா? கதையில் அவளுக்குப் பெயரில்லை, உருவமில்லை. ஒலி மட்டுமே உண்டு. அவ்வொலியும் அரசியின் மென்மைக்குச் சான்று கூறுதற்பொருட்டே கதைக்குள் அனுமதிக்கப்பட்டுள்ளது.

இக்கட்டுரை அவ்வினாவைப் பின்தொடர்ந்து செல்ல முயல்கிறது. தீண்டலையும் வலியையும் வெப்பதட்பத்தையும் அளவுக்கு மீறி உணர்கின்ற உடல் நம் இலக்கியத்தில் யாருக்கு வழங்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. கண்டிச் சூழலில் இருந்துகொண்டு தமிழ் கற்பிப்பவனுக்கும் கற்பவனுக்கும் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அன்று. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் தொகைபற்றி வகுக்குமிடத்து, உற்றறிதலையே முதலறிவாக வைத்தார். அது புல்லுக்கும் மரத்துக்கும் உரியது. ஏனைய அறிவுகள் அதன்மேல் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. ஆகவே ஊறுணர்வென்பது உயிர்களனைத்துக்கும் பொதுவான உடைமை. எவரும் தமக்கே உரியதெனச் செருக்குக் கொள்ளத்தக்கதன்று. 'ஊறு' என்னும் சொல்லும் மனங்கொள்ளத்தக்கது. தீண்டலால் அறியும் புலனுக்கும் அதுவே பெயர்; உடலுக்கு நேரும் சேதத்துக்கும் அதுவே பெயர். தொடுகையும் காயமும் ஒரே சொல்லில் வாழ்கின்றன. இச்சொல்லை வழங்கிய பழந்தமிழ் மக்கள் உடற்கூற்றியல் கற்றவரல்லர். ஆயினும் தொடுதல் நோதலாக மாறும் எல்லை எத்துணை மெல்லியது என்பதை அறிந்திருந்தனர் போலும்.

பொதுமையான இவ்வறிவின் மிகையை அரியதோர் அணிகலனாக மாற்றியது இலக்கியம். திருக்குறளில் நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்தை நோக்குக. அனிச்சப்பூவும் அன்னத்தின் இறகும் தலைவியின் அடிக்கு நெருஞ்சிமுள்ளாகும் என்கிறது 1120ஆவது குறள். காம்பு களையாது அனிச்சத்தைச் சூடியதால் அவள் இடைக்கு நேரவிருக்கும் கேட்டைச் சொல்கிறது 1115ஆவது குறள். இவற்றை உயர்வுநவிற்சி என்று பெயரிட்டு நாம் அப்பாற் செல்கிறோம். ஆனால் உயர்வுநவிற்சியிலும் எது உயர்த்தப்படுகிறதென்று கேட்கவேண்டும். ஈண்டு உயர்த்தப்படுவது நோவுறும் ஆற்றல். பூவை முள்ளாக உணரவல்லவளே உயர்ந்தவள். முள்ளை முள்ளாக உணர்பவளுக்கு இவ்வதிகாரத்தில் இடமில்லை.

அதே காமத்துப்பாலில் மற்றொரு வகையும் உண்டு. நீங்கினாற் சுடுவதும் நெருங்கினாற் குளிர்வதுமான தீயை இவள் எங்கிருந்து பெற்றாள் என்று தலைவன் வியக்கும் 1104ஆவது குறளும், தீண்டினால் மட்டுமே சுடும் தீ காமநோயைப்போல் விலகியபோதும் சுடுமோ என வினவும் 1159ஆவது குறளும் அவ்வகையின. இவற்றில் ஊறுணர்வு பிறழ்வது பிறப்பின் மென்மையால் அன்று, வாழ்வில் நேர்ந்த ஒன்றினால். வெப்பமும் தட்பமும் இடம்மாறுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அக்காரணம் எவருக்கும் வரக்கூடியது. குறுந்தொகை 399இல் பரணர் காட்டும் தலைவியும் இவ்வகையினள். ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி கைபடுந்தோறும் விலகி, கையெடுக்குந்தோறும் மீண்டும் பரவுவது போல, காதலன் தொடுமிடந்தோறும் பசலை அகன்று, விடுமிடந்தோறும் படர்கிறது. தோல் முழுவதும் ஒரு செவியாகிக் காத்திருக்கும் நிலை இது. உவமை எடுக்கப்பட்ட இடத்தையும் நோக்குக. அரண்மனைத் தடாகம் அன்று, ஊருணி. நாடோறும் நீர்முகக்கும் கை அறிந்த பாசி அது.

இவ்விரு வகைகளையும் நம் உரைமரபு ஒரே தட்டில் வைத்துப் பாராட்டி வந்துள்ளது. நான் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. முதல்வகை உடலைப் பொருளாக்கிப் புகழ்வது. இரண்டாம்வகை உடல் பட்டறிந்ததைச் சொல்வது. முதலாவதைக் கூறுபவன் வெளியே நின்று காண்கிறான்; இரண்டாவதைக் கூறுபவர் அத்தோலுக்குள்ளே இருக்கிறார். இலக்கியத் தரம் பற்றிய வேறுபாடு இதுவன்று, 1120 மிகச் செம்மையான குறள். நோவின்பால் கொள்ளும் நிலைப்பாடு பற்றிய வேறுபாடு.

கம்பர் இரண்டாம் வகையை எடுத்து அதன் எல்லைவரை கொண்டுபோனவர். மிதிலையில் சீதைக்கு மலரமளியும் நிலவும் தீயாவது மரபுவழிப்பட்டதே. ஆரணிய காண்டத்து மாரீசன் வதைப் படலத்தில் இராவணனுக்கு நேர்வதோ வேறு. சூர்ப்பணகை கூறிய சீதையின் எழில் உள்ளத்தைப் பற்ற, பனிப்பருவமே அவனைச் சுடுகிறது. ஆணையிட்டுப் பருவத்தை மாற்றுகிறான். அடுத்த பருவமும் சுடுகிறது. பருவங்களையெல்லாம் அகற்றித் திங்களை வரவழைக்கிறான், திங்கள் பொறுக்கவில்லை, ஞாயிற்றை அழைக்கிறான். கோள்கள் ஏவல் செய்யும் இலங்கை வேந்தனுக்கு வானிலையெல்லாம் கைவசம், தன் தோல் மட்டும் கைவசமில்லை. நகைச்சுவையும் அவலமும் ஒருங்கே இயையும் இப்பகுதியைக் கம்பரின் மிகச்சிறந்த இடங்களுள் ஒன்றாக நான் கருதுகிறேன். ஆயினும் நாம் தேடும் வினாவுக்கு இதுவும் ஒருபாற் சான்றே. குளிர் பொறுக்கவில்லையென்று பருவத்தை மாற்றச் சொல்ல ஒருவனுக்கே இயலும். ஏனையோர் பனியிலே நின்றாகவேண்டும்.

புலவரின் புனைவென்று நாம் கொள்ளும் இந்நிலை மருத்துவத்தில் மெய்யாகவே உள்ளது என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் குறிப்பது பொருந்தும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) நரம்பிற் குண்டுபட்ட போர்வீரர்களுக்கு மருத்துவம் செய்த சைலஸ் வெயர் மிச்செல், 1872இல் வெளியிட்ட நரம்புக் காயங்கள் பற்றிய நூலில் சிலருடைய நிலையை விவரித்துள்ளார். புண் ஆறிய பின்னரும் கை தீப்பட்டது போல் எரிகிறது. காற்று வீசினால் வலிக்கிறது. செய்தித்தாள் சரசரத்தால் வலிக்கிறது. அறையின் மறுகோடியில் ஒருவர் நடந்தால், தொலைவிலே படையணி வாத்தியம் முழங்கினால் வலிக்கிறது. எந்நேரமும் ஈரத்துணி சுற்றியிருந்தாலன்றி அவர்களாற் பொறுக்க முடியவில்லை. உலக்கையொலி கேட்டுக் கை கன்றிய மிருகாங்கவதியை இங்கே அடையாளம் காணாதிருக்க முடியுமா? வேறுபாடு ஒன்றுதான்: இவர்கள் அரசியரல்லர், சேற்றிலும் குளிரிலும் கிடந்த காலாட்படையினர்.

பின்வந்த ஆய்வு இதன் இயக்கத்தையும் ஓரளவு விளக்கியது. மெல்சாக்கும் வோலும் 1965இல், வலி காயத்திலிருந்து மூளைக்கு நேரே செல்லும் கம்பிச்செய்தி அன்று, முண்ணாணிலேயே அது அடக்கவோ பெருக்கவோபடுகிறது என்னும் கோட்பாட்டை முன்வைத்தனர். கிளிஃபோட் வூல்ஃப் 1983இல், காயத்தின் பின் முண்ணாணின் நரம்பணுக்களே கூருணர்வு அடைந்துவிடுகின்றன என்று பரிசோதனையாற் காட்டினார். அந்நிலையில் வலிக்கவேண்டியது மிகையாக வலிப்பதோடு, வலிக்கத் தேவையில்லாத மெல்லிய தொடுகையும் வலிக்கின்றது. காயத்துக்கு அப்பாலுள்ள இடமும் நோகின்றது. இதிலிருந்து நம் வினாவுக்கு வேண்டிய செய்தி ஒன்று கிடைக்கிறது. அடிமேல் அடிபட்ட உடல் மரத்துப்போகும் என்பது எப்போதும் மெய்யன்று. அடிபட்ட உடல் பெரும்பாலும் முன்னினும் கூர்மையாகவே உணர்கிறது. காய்த்த தோல் மேற்புறத்து இறந்த படலம். அது வெடிக்கும்போது உள்ளே இருப்பது உயிருள்ள தசையே.

வியப்புக்குரியது யாதெனில், இவ்வளவையும் கண்டெழுதிய அதே மிச்செல், 1890களில், நாகரிகம் வளர வளர மனிதனின் நோவுணர்வும் வளர்கிறது, நாகரிகமடையாதவன் நம்மைப் போல் வலியை உணர்வதில்லை என்ற கருத்தினராக இருந்தார். கண்ணெதிரே கண்ட காலாட்படையினரை மறந்து அவரும் வேதாளத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார். அக்காலத்து ஐரோப்பியரிடையே இக்கருத்து பரவலாக நிலவியது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் நடத்தியோர்க்கு இது வாய்ப்பான கருத்தென்று தனியே சொல்லவேண்டியதில்லை.

கண்டிக்கு வருவோம். தலதா மாளிகையின் அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அதனுள் வழிபடப்படுபவள் சிலப்பதிகாரத்துக் கண்ணகி. ஊறுணர்வின் வரலாற்றை ஓர் உடலிலே எழுதிக்காட்டிய பாத்திரம் தமிழில் அவளைப் போல் மற்றொன்றில்லை. புகாரை நீங்கிச் சிறுதொலைவு நடந்தவுடனே, மதுரை மூதூர் எங்குள்ளது என்று கேட்கும் அளவுக்குத் தளர்ந்தவள் அவள். வெயிலை அவளடி பொறாதென்று இரவில் நிலவொளியில் நடக்கின்றனர். கவுந்தியடிகள் அவளை மாதரியிடம் அடைக்கலம் கொடுக்கும்போதும் வெயிலில் வருந்திய அவ்வடிகளைப் பற்றியே பேசுகிறார். இதுவரை அவள் 1120ஆவது குறளின் உலகத்தினள். வழக்குரைத்து, முலைதிருகி எறிந்து, நகரைத் தீக்கொளுவிய பின்னர், மதுரையின் மேற்குவாயில் வழியே வெளியேறி, வையைக் கரையோடு இரவென்றும் பகலென்றும் அறியாது நடக்கிறாள். பள்ளமும் மேடும் அவளுக்கு வேறாகப் படவில்லை. முன்னர் வெயிலுக்கு அஞ்சிய அடிகள் மலையேறுகின்றன. இளங்கோவடிகள் அவ்வடிகளின் நோவைப்பற்றி இப்போது ஒன்றும் கூறவில்லை. இம்மௌனத்தை உரையாசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லையென்பது என் எண்ணம். உணர்வின் மிகையும் உணர்வின் இன்மையும் எதிரெதிர்ப் பண்புகளல்ல, ஒரே உடலின் இரு பருவங்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காப்பியம் வேறில்லை.

அதன்பின் நிகழ்வது இன்னும் நுட்பமானது. உரைபெறு கட்டுரையின்படி, பாண்டிநாட்டில் மழை பொய்த்து வெப்புநோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன. கண்ணகிக்கு விழாவெடுக்க அவை நீங்கின. அதுகேட்டு இலங்கைக் கயவாகு மன்னனும் அவளுக்குக் கோட்டம் சமைத்து ஆடித்திங்களில் விழாக் கொண்டாடினான். தீயை ஏவியவள் வெம்மை நீக்கும் தெய்வமாகிறாள். கண்டியின் எசல பெரகராவில் இன்றும் பத்தினி தேவாலயத்தின் அணி செல்கிறது. விழாவின் முடிவில் நீர்வெட்டுச் சடங்கு நடைபெறும் கெட்டம்பை, நம் பல்கலைக்கழகத்திலிருந்து அதிக தொலைவிலில்லாத மகாவலித் துறை. மட்டக்களப்புத் தமிழரோ கண்ணகியின் சடங்குக்குக் குளிர்த்தி என்றே பெயரிட்டனர். பேராதனையிற் கற்பித்தவரான கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூல், சிங்கள மக்களிடையே அவள் வெப்பநோய்களை ஆற்றுபவளாக வழிபடப்படுவதை விரிவாக ஆராய்கிறது.

அம்மை கண்ட உடலைப் பேணிய நம் பாட்டிமாரின் முறையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். வாழையிலையிற் கிடத்துவர். துணியின் உராய்வும் நோகுமாதலின் வேப்பங்கொழுந்தால் வருடுவர். உரத்துப் பேசார், தாளிப்பின் மணமும் எழவிடார். உலகிலிருந்து பெரியம்மை ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அம்முறையிற் பொதிந்திருந்த அறிவு ஒழியவேண்டியதன்று. தோல் மிகையாக உணரும்போது சூழலை மென்மையாக்கவேண்டும் என்பதே அவ்வறிவு. அரசிக்கும் கூலிக்கும் அம்மை ஒன்றே. வேப்பிலைக்கு வருணமில்லை. இலக்கியம் மறுத்த சமத்துவத்தை இச்சடங்கு வழங்கியிருந்தது. மலையகத் தோட்டங்கள்தோறும் மாரியம்மன் கோயில் எழுந்தமைக்குப் பிற காரணங்களோடு இதையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

இனி, முன்னர்ச் சொல்வதாகக் கூறிய காரணத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முதலாண்டு வகுப்பில் நலம்புனைந்துரைத்தல் அதிகாரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். 1120ஆவது குறளை விளக்கி முடித்ததும் மாணவி ஒருவர் எழுந்தார். கண்டிக்கு மேற்புறத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். "எங்கம்மாவுக்கும் அப்பிடித்தான் சேர். மார்கழி, தை மாசத்துல மலையில இருந்து வந்தா சுடுதண்ணிக் கோப்பைய கையில புடிக்க மாட்டாங்க. கம்பளி பட்டாக்கூட எடு எடுன்னு சொல்லுவாங்க" என்றார். பின்வரிசையிற் சிலர் சிரித்தனர். நானோ சிரிக்கவில்லையெனினும், அதனினும் தவறான ஒன்றைச் செய்தேன். குறளில் வருவது அணி, உம்முடைய தாயாருக்கு நேர்வது நோய், இரண்டையும் குழப்பலாகாது என்று விடையளித்தேன். அவர் அமர்ந்துவிட்டார். பாடம் தொடர்ந்தது. அவ்விடை இலக்கண அளவிற் சரியானது. அதனாலேயே அது நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

கலைப்பீடத்திலிருந்து நோக்கினால் ஹந்தானை மலைச்சரிவு தெரியும். 1925இல் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று அங்கே 2001முதல் நூதனசாலையாக உள்ளது. அப்பால் ஹேவாகெட்டைப் பகுதியின் லூல்கந்துறையில்தான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் முதன்முதல் வாணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னர்க் கோப்பிக் காலத்திலேயே, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் கண்டிச் சீமைக்கு நடந்து வந்தவர்களின் கால்கள் இம்மண்ணை அறிந்திருந்தன. புகாரிலிருந்து மதுரைவரை நடந்த அடிகளுக்குக் காப்பியம் உண்டு. இவர்கள் நடந்த காட்டுவழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வீழ்ந்தவர்க்கு நாட்டார் பாடலும் வாய்மொழிக் கதையுமே எஞ்சின.

அந்நாட்டார் பாடல்களுட் பலரும் அறிந்த ஒன்று, கோணல் மலையேறிக் கோப்பிப்பழம் பறிக்கையில் ஒரு பழம் தவறியதற்காகச் சின்னத்துரை உதைத்ததைச் சொல்கிறது. உதை சொல்லப்படுகிறது, உதைபட்ட இடத்தின் நோவு சொல்லப்படவில்லை. ஒரு பழத்துக்கும் ஓர் உதைக்கும் இடையிலுள்ள கணக்கே பாடலின் சினம். நோவைச் சொல்வதற்குக் கேட்பவர் ஒருவர் வேண்டும். கேட்பவர் அனைவரும் அதே உதையைப் பட்டவராயின் சொல்லவேண்டியதில்லை. ஆகவே பாடலின் மௌனத்தை நான் குறையாகக் கொள்ளமாட்டேன்.

எழுத்திலக்கியத்தின் மௌனத்தை அவ்வாறு கொள்ள இயலவில்லை. அதற்குக் கேட்பவர் வெளியிலும் உள்ளனர். சி. வி. வேலுப்பிள்ளை 1950களில் ஆங்கிலத்தில் எழுதி, சக்தீ அ. பால-ஐயா 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கிய நெடுங்கவிதையை எடுத்துக்கொள்வோம். நினைவுக்கல் ஒன்றுமின்றித் தேயிலையடியிற் புதைந்தோரை முதன்முதலிற் கவிதைக்குள் கொணர்ந்த பெருமை அதற்கு உண்டு. விடியற்காலைத் தப்பொலியை அக்கவிஞர் கேட்டதுபோல் வேறெவரும் கேட்கவில்லை. செவியாற் பிறந்த கவிதை அது. ஆனால் நடுக்கம் என்பது அங்கே விடியற்பொழுதின்மீது ஏற்றப்படுகிறது. ஈரச்சாக்கை இடுப்பிற் சுற்றி நிற்கும் உடல்மீது அன்று. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையகச் சிறுகதையின் திருப்புமுனை என்பதில் எனக்கு ஐயமில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைத்திறனும் மானமும் அக்கதையில் ஒன்றாகின்றன. அங்கே கை இறாத்தலால் அளக்கப்படுகிறது. விரலின் நோவு கதைக்குத் தேவைப்படவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964), மருத்துவராகிய நந்தியின் 'மலைக்கொழுந்து' (1964), தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' (1974) ஆகிய நாவல்கள் தோட்ட வாழ்வின் துயரை விரிவாகச் சொல்கின்றன. துயரைச் சொல்வது வேறு, தோல் அறிந்ததைச் சொல்வது வேறு.

இப்படைப்பாளிகளைக் குறைகூறுவது என் நோக்கமன்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களின் எழுத்தாளர், உரிமையைக் கேட்பதா, விரல்நுனியின் எரிவை எழுதுவதா என்றால், எது முந்தவேண்டும் என்பது வெளிப்படை. அச்சட்டத்தால் எஞ்சியோர்க்குக் குடியுரிமை முற்றாகக் கிடைக்க 2003வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குறை நம்முடையது, திறனாய்வாளருடையது. உழைப்பாளியின் உடலைப் பற்றி நாம் எழுதத் தொடங்கியவுடன் 'காய்த்துப்போன கை', 'கல்லும் முள்ளும் பழகிய கால்' என்னும் தொடர்கள் தாமே வந்து விழுகின்றன. இவை பாராட்டாகவே எழுதப்படுகின்றன. எனினும் இவற்றுக்குள் இருப்பது பழைய மரபின் மறுபக்கமே: மெல்லியலார் பூவாலும் நோவர்; வல்லியலார் முள்ளாலும் நோவார். இலக்கியத்தில் யதார்த்தம் வேண்டுமென்று 1960களிலே மரபுப் போராட்டத்தில் ஈடுபட்ட நாம், அனிச்சத்தைத் தள்ளிவிட்டு அதன் நிழலை வைத்துக்கொண்டோம்.

மெய்யான கொழுந்துக்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் தொடர்கள் உதிர்ந்துவிடும். கொழுந்து கிள்ளுவது காய்த்த உள்ளங்கை அன்று. பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் நுனி. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்தெடுப்பதற்கு அந்நுனி உணர்வோடிருக்கவேண்டும். மரத்த விரலால் முற்றிலையையும் இளங்கொழுந்தையும் பிரித்தறிய முடியாது. ஆகவே இத்தொழிலுக்கு வேண்டியதே ஊறுணர்வின் நுட்பம். தேயிலைச் சாறு விரலைக் கறுப்பாக்கும், காம்பின் விளிம்பு கீறும், கீறலில் பனிநீர் ஏறும், வாடையில் வெடிக்கும். குளிர்ந்து விறைத்த விரல் சூடேறும்போது எழும் குத்தலை எவரும் அறிவர். நாடோறும் இது நிகழுமாயின், கம்பளியின் மயிரும் முள்ளாவதில் வியப்பென்ன? கவ்வாத்துக் கத்தியும் அட்டைக்கடியும் வெளிக்குத் தெரியும் காயங்கள். அவற்றைக் கதைகள் சொல்கின்றன. வெளிக்குத் தெரியாத இதனை, சுகவீனமென்று சொன்னால் ஒரு நாட்பேர் போய்விடும் என்னும் அச்சத்தால், உழைப்பவர் தாமும் சொல்வதில்லை.

இப்போது அவ்வகுப்புக்கு அதே அதிகாரத்தை நடத்த நேர்ந்தால், அணிக்கும் நோய்க்கும் நான் கிழித்த கோட்டை அவ்வளவு விரைவிற் கிழிக்கமாட்டேன். பூவை முள்ளாக உணர்தல் என்ற ஒன்றை வள்ளுவர் வெற்றிடத்திலிருந்து எடுத்திருக்க முடியாது. அதனை ஏதோ ஓர் உடலில் கண்டோ கேட்டோதான் புலமை அதை அறிந்திருக்கும். அவ்வுடல் உப்பரிகையில் இருந்ததென்பதற்கு நம்மிடம் சான்றில்லை. உலக்கை பிடித்தவளுடையதாக இருந்திருக்கக்கூடாது என்பதற்கும் இல்லை. புலவர் அதனை அவளிடமிருந்து வாங்கி அரசிக்கு அணிவித்தார் என்று கொள்வது ஊகமே. ஆயினும் மாணவியின் சொல்லைக் கேட்டபின் அவ்வூகம் எனக்கு உரையாசிரியர்தம் விளக்கங்கள் சிலவற்றினும் நெருக்கமாகத் தோன்றுகிறது.

அம்மாணவி இறுதியாண்டில் ஒருநாள் ஒப்படையொன்றைக் கொடுக்க வந்தபோது, பழைய செய்தியை நானே எடுத்துக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார். தாயார் கோப்பையை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்துவிடுவாராம். சாயம் ஆறும்வரை இரு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, கோப்பையிலிருந்து எழும் ஆவியில் முகத்தை மட்டும் நீட்டியபடி குந்தியிருப்பாராம். அந்நேரத்தில் பிள்ளைகள் எவரும் அவரைத் தொடமாட்டார்கள். தொடலாகாதென்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.